கழிமுகத்தில் ஒரு நாள் தொழில் நிறுத்தம்

அடுத்த மாதம் நீங்கள் கங்கைக்குக் கிளம்புகிறீர்களாம். ஆற்று ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, காக்கப் போகிற பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டு, சால்வையும் போர்த்தி, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை என்பது கூப்பிட்டவர்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். வரட்டும்.

எப்படி எண்ணுவது, எங்கே படகை நிறுத்துவது, எந்தக் கருவியைத் தண்ணீரில் இறக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் வாயைத் திறந்தால் நீங்கள் மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள், பின்வரிசையில் ஒருத்தர் கொட்டாவி விடுவார். இப்போதே விட்டாயிற்று, பார்த்தேன். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மரக்காணம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற பிரம்மதேசம். நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் வடக்கே போய் ஆற்றில் மீன் எண்ணுகிறான் என்று ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். அது மீன் இல்லை, நம்மைப் போல் மூச்சு விடுகிற ஜீவன் என்று கொஞ்ச காலம் விளக்கிப் பார்த்தேன். பிறகு அலுத்துப்போய், "ஆமாம், மீன்தான்" என்று சொல்லிவிட்டேன்.

கங்கையில் பனிக்காலக் காலைகளில் எதுவும் தெரியாது. கரை தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கிற படகோட்டியின் முகமும் தெரியாது. இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். எங்கிருந்தோ 'புஸ்' என்று ஒரு மூச்சு வரும். பிறவியிலேயே கண் தெரியாத பிராணி, வெள்ளைப் பனிக்குள்ளே, நம் பக்கத்தில் ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டுப் போய்விடும். என் பாதி ஆயுசு அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தே போனது. விழித்திருந்தேனா, தூங்கிக்கொண்டிருந்தேனா என்று இன்றைக்குக் கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அங்கே எங்கள் குழுவுக்குத் தலைமையாக ஒரு அம்மா இருந்தார். பேர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பாசன வாய்க்காலில் ஒரு ஓங்கில் மாட்டிக்கொண்டது. மேலிடத்திலிருந்து போன், கரையில் கேமரா, ஊர் ஜனம் முழுக்க வேடிக்கை. பிடித்து, ஈரத்துணி சுற்றி, லாரியில் ஏற்றினோம். ஆறு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் லாரியிலேயே அது செத்துப்போனது. பிடிபட்ட பயத்தில் செத்தது, வேறு காயம் எதுவும் இல்லை. அந்த அம்மா அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாம அதைக் காப்பாத்தலை. நம்ம பதற்றத்தைத் தீர்த்துக்கிட்டோம்." நான் வேலை கற்றுக்கொண்டது அந்த ஒரு பேச்சில்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். 2005 மழைக்காலம். கடற்கரையைச் சுனாமிப் பேரலை வாரிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். மழை என்றால் அப்படி ஒரு மழை. கழுவெளி ஏரி நிரம்பி வழிந்து, அத்தனை நல்ல தண்ணீரும் மரக்காணத்து உப்பங்கழி வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. உப்பளமெல்லாம் முழுகிக் கிடந்தது. பாத்திக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. மேகத்தின் மேல் பூநாரை நிற்கிற மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீரில் ஒரு ஓங்கில் வந்து மாட்டியிருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். ஆற்று ஓங்கிலைப் பார்த்தவன் ஊரில் இருக்கிறானே என்று என்னைத் தேடி வந்திருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தேன். முதுகில் திமில் வைத்த கடல் ஓங்கில். கரையோரத்திலேயே திரிகிற ஜாதி. இறால் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கழிக்குள்ளே வந்திருக்கும். ஆற்று ஓங்கிலுக்குக் கடல் ஆகாது. இதற்கு நல்ல தண்ணீர் ஆகாது. நாள்பட்டால் தோல் வெளுத்துக் கொப்புளம் வரும், புண்ணாகும், செத்துப்போகும். இதற்கு அப்போதே முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது.

வெளியே போக வழி இருந்தது. கழிமுகம் திறந்துதான் கிடந்தது. ஆனால் மழைத்தண்ணீரோடு இறால் கடலுக்கு இறங்குகிற நேரம் அது. குப்பத்து ஆட்கள் கழிமுகத்தின் குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வலை கட்டியிருந்தார்கள். பேரலைக்குப் பிறகு வந்த புது ஃபைபர் போட்டுகள் இஞ்சினைப் போட்டுக்கொண்டு ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தன. ஓங்கில் வலை வரைக்கும் வரும். இஞ்சின் சத்தம் கேட்கும். திரும்பி உள்ளே போய்விடும். மறுபடி வரும், மறுபடி திரும்பும்.

ஜனங்களுக்கு அதன் மேல் கோபம் இல்லை. அன்புதான் தொல்லை. மரக்காணத்திலிருந்தும் அனுமந்தையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மஞ்சள் கரைத்து ஊற்றினார்கள், சூடம் கொளுத்தினார்கள், ஒருத்தர் குடத்தோடு பாலைக் கவிழ்த்தார். ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு கரையிலேயே கடையைப் போட்டுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி: "இன்னா சார், ஆம்பளைங்க இத்தனை பேரு இருக்கோம், வலை போட்டுப் புடிச்சித் தூக்கிட்டுப் போயி கடல்ல வுட்டா முடிஞ்சிபோச்சி. எதுக்கு யோசிக்கிறீங்க?"

எனக்கும் கை பரபரத்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த லாரி ஞாபகம் இருந்ததே. பிடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. பௌர்ணமிக்குக் கடல்மட்டம் பெரிதாக ஏறும். உப்புத்தண்ணீர் உள்ளே வரும். அன்றைக்கு வலையும் இஞ்சினும் இல்லாமல் கழிமுகத்தைச் சும்மா விட்டால் அது தானாகவே போய்விடும். நான் கேட்டது அவ்வளவுதான். ஒரே ஒரு நாள்.

குப்பத்துப் பஞ்சாயத்து வலை பின்னுகிற கூடத்தில் கூடியது. என்னைப் படகில் அழைத்துப் போய்க்கொண்டிருந்த மூர்த்திதான் கூட்டிப்போனான். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். நல்ல மனுஷர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, முடியாது என்று சொன்னார்.

"நாங்க அதுக்கு விரோதி இல்லீங்க சார். ஓங்கில் வலையில மாட்டினா, வலை போனாப் போவுதுன்னு அறுத்து வுட்டுடுவோம். ஆனா இது சீசன். போட்டும் வலையும் எல்லாம் போயி, இப்பத்தான் ஜனங்க ஒருவேளை சோறு நிம்மதியா துன்னுது."

"ஒரு நாள்தாங்க."

"ஒரு நாளோ ஒரு வேளையோ, ஊருல சாவு வுழுந்தாத்தான் தொழில் நிக்கும். பொணம் எடுக்கிற வரைக்கும் ஒருத்தன் கடல்ல கால் வெக்க மாட்டான். எங்க ஊர்க்கட்டு அது. மீனுக்காக நிறுத்தினேன்னு வெச்சிக்கோங்க, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கினு வருவானுங்க. அப்புறம் இந்தக் கட்டுக்கு இன்னா மரியாதை?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தக் கரையில் ஒருத்தர் செத்தால், பணக்காரரோ ஏழையோ, மொத்தக் குப்பமும் தொழிலுக்குப் போகாது. அந்த நாள் செத்தவருக்கு ஊர் கொடுக்கிற மரியாதை. அதை எடுத்து ஒரு டால்பினுக்குக் கொடு என்று நான் எப்படிக் கேட்பேன்? எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினேன்.

அப்போது கூடத்துக்கு வெளியே இருந்து ஒரு பெண் குரல் வந்தது. பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார மாட்டார்கள், பேசவும் மாட்டார்கள்.

"ஏழுமலைக்கு நாள் வுட்டீங்களா?"

எல்லோரும் திரும்பினோம். அஞ்சலாட்சி. முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். காலையில் கழிக்கரையில் உட்கார்ந்து வலைக்காரர்களிடம் இறால் வாங்கி மரக்காணம் மார்க்கெட்டில் விற்கிறவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். விலை பேசும்போது ஆண்பிள்ளைகளே பதுங்குவார்கள். என்னைக்கூட ஒரு நாள், "அது மூச்சு வுடறத எண்ணிக்கினே இருந்தா அதுக்கு இன்னா சார் லாபம்?" என்று கேட்டவள்.

அவள் புருஷன் ஏழுமலை. பேரலை வந்த காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் கிடைத்தார்கள், உயிரோடோ பிணமாகவோ. அவர் கிடைக்கவில்லை. அஞ்சலாட்சி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. யாராவது துக்கம் விசாரித்தால், "நீ கண்ணால பாத்தியா?" என்று சண்டைக்குப் போவாள். வருஷ காரியத்தில் பேர் சேர்க்கலாமா என்று கேட்கப்போன நாட்டாரையும் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டி அனுப்பியிருந்தாள். இதெல்லாம் மூர்த்தி எனக்குப் படகில் சொல்லியிருந்தான்.

நாட்டார் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா அஞ்சலாட்சி, நீதான ஆளு இருக்குறாருன்னு சொல்லிக்கினு இருக்க?"

"சொன்னேன். அன்னிக்கு ஊருல ஒரு போட்டு இல்ல, ஒரு கட்டுமரம் இல்ல. இருந்தாத்தான நிறுத்துவீங்க? அவருக்குன்னு ஒரு நாளு தொழில் நின்னுச்சா?"

"நிக்கல."

"அந்த நாளு எனக்கு வேணும். பௌர்ணமி அன்னிக்கு வேணும்."

நாட்டார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கட்டு என்றால் கட்டு. அடுத்த கேள்வியை அவர் கேட்டே ஆகவேண்டும்.

"அப்ப ஏழுமலை செத்துட்டான்னு நீ சொல்றியா?"

வேண்டாம் தாயே, அந்த ஓங்கில் செத்தால் சாகட்டும், நீ அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. அது அவள் வழக்கு, அவள் ஊர். நடுவில் விழ எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. சரியா தப்பா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

"செத்துட்டாரு," என்றாள் அஞ்சலாட்சி. "எழுதிக்கோங்க."

கூட்டம் கலைந்தபிறகு அவள் பின்னாலேயே ஓடினேன். "எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"எனக்கு அது மேல பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்," என்றாள், நடந்துகொண்டே. "தெனம் காலையில பாக்கறேன். வருது, முட்டுது, திரும்பிப் போவுது. அவரு எங்க எப்படித் தவிச்சாரோ எனக்குத் தெரியாது. இது தவிக்கிறது தெரியுதே. தெரிஞ்சிக்கினு எப்டி சார் எறால் வாங்கறது?"

பௌர்ணமி அன்று விடிவதற்கு முன்பே வலையை அவிழ்த்துவிட்டார்கள். போட்டையெல்லாம் மணல்மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை, ஊரில் சாவு என்று சொல்லி நாட்டாரே திருப்பி அனுப்பினார். ஐஸ் வண்டிக்காரர் மணியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த மாதிரி ஒரு நாளை நான் கங்கையிலும் பார்த்ததில்லை. இஞ்சின் சத்தம் இல்லை. மனுஷர் சத்தம் இல்லை. மூர்த்தி துடுப்பைத் தண்ணீரில் போடாமல், நீரோட்டத்தில் படகைச் சும்மா விட்டிருந்தான். உப்பளம் முழுக்க வெள்ளை வெளிச்சம். கடல் தண்ணீர் உள்ளே ஏற ஏற, கழியின் நிறமே கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. குப்பத்துப் பக்கமிருந்து காற்று வாக்கில் ஒப்பாரி வந்தது; அஞ்சலாட்சி வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். நடுநடுவே, தூரத்தில், 'புஸ்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் தள்ளி, 'புஸ்'. ஒப்பாரியையும் மூச்சையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு, நான் இந்த உலகத்தில்தான் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் வடிகிற வரைக்கும் இருந்தோம். ஒன்றும் இல்லை.

பிள்ளைகளே, உங்கள் திட்டத்தில் 'மீனவர் ஒத்துழைப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. படித்தேன். வலையில்லாத நாள், இஞ்சினில்லாத நேரம், எல்லாம் சரியான யோசனைதான். ஆற்று ஓங்கில் பிழைக்க வேறு வழியும் கிடையாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒத்துழைப்பை யாரோ ஒருத்தர் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். என்ன எடுத்துக் கொடுக்கிறார் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாவது இருங்கள்.

அன்று சாயங்காலம் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பெண்கள் நடுவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அழுது முகம் வீங்கிக் கிடந்தார்கள். அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. செய்யவேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தார்கள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

"போயிடுச்சிம்மா," என்றேன்.

"கண்ணால பாத்தீங்களா சார்?"

பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. அவளிடம் அதைச் சொல்லக் கூடாது.

"இல்லம்மா. சத்தம் நின்னுபோச்சு. அதை வெச்சுத்தான் சொல்றேன்."

"பாக்காமலே போயிடுச்சின்னு எப்டி சொல்றீங்க?" குரல் உயர்ந்தது. "எங்கனா உப்பு வாய்க்கால்ல பூந்திருந்தா? மூச்சு வுட முடியாம கெடந்தா? ஒரே நாள்ல முடிச்சிடுவீங்களா? நாளைக்கி நானும் வர்றேன். தேடணும்."

சுற்றியிருந்த பெண்கள் பதறிவிட்டார்கள். அன்றைக்குத்தான் தாலி இறங்கியவள் வாசல்படி தாண்டலாமா என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். அஞ்சலாட்சி கையை உதறினாள். "வருஷம் பூரா காத்துக்கெடந்தவ நானு. இன்னும் இன்னா காக்கணும் உங்களுக்கு?"

மறுநாள் விடிந்ததும் வந்து படகில் ஏறிவிட்டாள். நாட்டார் கரையில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. கழியின் ஒவ்வொரு கிளைக்கும் போனோம். உப்பளத்துக்குத் தண்ணீர் எடுக்கிற வாய்க்கால்களில் அவளே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பார்த்தாள். கழுவெளி வாய் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். கோரைக்குள் ஏதாவது அசைந்தால், "நிறுத்து, நிறுத்து" என்பாள். கொக்காக இருக்கும். மடவை மீன் துள்ளும். அதற்கடுத்த நாளும் வந்தாள். அன்றைக்கு முந்தின நாள் பார்த்த இடத்தையெல்லாம் மறுபடி பார்த்தோம். எனக்கு அவசியம் இல்லைதான். மூர்த்திக்குக் கை காய்த்துப்போயிற்று. ஆனால் இரண்டு பேரும், போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் கழிமுகத்துக்கு வந்தோம். வலைக்காரர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்; எங்களைப் பார்த்ததும் இஞ்சினை அணைத்தார்கள். மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் கடல், வெயிலில் தகதகவென்று, கண்ணை விரித்துப் பார்க்க முடியாதபடி கிடந்தது. அஞ்சலாட்சி படகின் முனையில் போய் நின்றுகொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்தாள்.

"இல்ல சார்," என்றாள். "தேடியாச்சி. போயிடுச்சி."

அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஏழுமலையின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மூர்த்தி துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் நாங்கள் கரைக்குத் திரும்பவில்லை.